போத்தலை மூடும் முன்பே எழுதிவிட்ட தீர்ப்பு

தமிழ்ப் பத்திரிகைகளிலும் செய்தித் தளங்களிலும் விளையாட்டுப் பக்கம் பார்க்கும் ஆசிரியர்களுக்கும் செய்தியாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் திருகோணமலையில் முப்பது வருடங்களுக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகும் விடியற்காலை ஐந்தரை மணிக்கு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டை விட்டு இறங்கும் பழக்கம் போகவில்லை. மக்கெய்சர் விளையாட்டரங்குப் பக்கம் அந்த நேரத்தில் எனக்கு முன்பே மான்கள் வந்து நிற்கும். பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பிறகுதான் வருவார்கள். அப்படி வந்த பிள்ளைகளில் ஒருவனைப் பற்றியும், அவனைப் பற்றி வந்த ஒரு செய்தியைப் பற்றியும் சொல்லத்தான் இந்த மடல். எந்தச் செய்தித் தளம் என்று எழுதப்போவதில்லை. சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரியும். மற்றவர்களும் தங்களுக்கில்லை என்று ஒதுங்கிவிட வேண்டாம்.

கடந்த வருடம் அகில இலங்கைப் பாடசாலை மெய்வல்லுநர் போட்டிக்குக் கொழும்பு சென்றிருந்தோம். பையனுக்கு 17 வயது. 400 மீற்றர் இறுதிப் போட்டியில் இரண்டாவதாக வந்தான். அவன் வாழ்நாளில் ஓடிய மிக நல்ல ஓட்டம் அது. கோட்டைத் தாண்டியதும் தடத்திலேயே மல்லாந்து விழுந்து கிடந்தான். எழுப்பி உட்கார வைத்திருக்கிறேன், ஒரு அதிகாரி படிவத்துடன் வந்து நின்றார். ஊக்கமருந்துப் பரிசோதனைக்கு அவன் தெரிவாகியிருக்கிறான், இனி மாதிரி கொடுத்து முடியும்வரை தன் கண்பார்வையிலேயே இருக்க வேண்டும், வயது குறைந்தவன் என்பதால் பெரியவர் ஒருவர் கூட வரலாம் என்றார். மரியாதையான மனிதர். அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை.

சுகததாச அரங்கின் அந்தச் சிறிய அறையில் நடந்ததை ஒருமுறை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குறைந்தது 90 மில்லிலீற்றர் சிறுநீர் வேண்டும். கொழும்பு வெயிலில் 400 மீற்றர் ஓடி முடித்தவன் உடம்பில் 90 மில்லிலீற்றர் எங்கே இருக்கும்? மூடி முத்திரையிட்ட தண்ணீர்ப் போத்தல்கள் வரிசையாக இருந்தன. ஒன்றைக் குடித்தான், இரண்டைக் குடித்தான். உள்ளே போனான், திரும்பி வந்தான். “சேர், வரவில்லை” என்றான். வெட்கத்தில் காது சிவந்திருந்தது. முதல் தடவை கிடைத்தது பாதியளவுகூட இல்லை. அதை முத்திரையிட்டு வைத்துவிட்டு மறுபடியும் காத்திருந்தோம். வெளியே எங்கள் வான் சாரதி நேரமாகிறது என்று மூன்று முறை அழைத்துவிட்டார். இரண்டரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் தேவையான அளவு சேர்ந்ததும், அவனே பெட்டியைத் தெரிவு செய்து, அவனே இலக்கத்தைச் சரிபார்த்து, ‘ஏ’ போத்தலிலும் ‘பி’ போத்தலிலும் தன் கையாலேயே பிரித்து ஊற்றினான். வேறு யாரும் போத்தலைத் தொடவில்லை. மூடியைத் திருகும்போது அது கடகடவென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் நின்றால் பிறகு ஆய்வுகூடத்தில்தான் திறக்க முடியும். கடைசித் திருகலுக்குப் பிறகு அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். பெரிய வீரர்களுக்குச் செய்வதைத் தனக்கும் செய்கிறார்கள் என்ற பெருமை அந்தச் சிரிப்பில் இருந்தது.

ஊர் திரும்பும் வழியில் ஹபரணையில் தேநீருக்கு வானை நிறுத்தினோம். அங்கேதான் ஒரு மாணவி தன் தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். பையன் அந்த அதிகாரியுடன் நடந்து போகும் படம். முகம் நன்றாகத் தெரிகிறது. பாடசாலைச் சின்னமும் தெரிகிறது. மேலே தலைப்பு: ‘ஊக்கமருந்து சர்ச்சையில் சிக்கினாரா திருகோணமலை மாணவன்?’

வெளியிட்ட நேரத்தைப் பார்த்தேன். நாங்கள் இன்னும் அந்த அறைக்குள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நேரம். பையனின் போத்தல் மூடப்படவில்லை, தீர்ப்பு வந்துவிட்டது.

கடைசியில் போட்டிருந்த கேள்விக்குறியைப் பற்றி ஒரு வார்த்தை. முப்பது வருடம் பிள்ளைகளின் கொப்பிகளைப் பார்த்தவன் நான். தெரியாததைக் கேட்பதற்காகப் போடும் கேள்விக்குறியும் உண்டு, பிடிபட்டால் தப்பித்துக்கொள்வதற்காகப் போடும் கேள்விக்குறியும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய எனக்குத் தெரியும்.

பரிசோதனைக்குத் தெரிவாவது என்பது பெரும்பாலும் முதல் மூன்று இடங்களுக்குள் வருகிறவருக்கோ, குலுக்கலில் பெயர் விழுகிறவருக்கோ நடப்பது. சந்தேகத்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. மாதிரியை ஆராய உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடம் இலங்கையில் கிடையாது. போத்தல்கள் கடல் கடந்து போய்த்தான் முடிவு வர வேண்டும். ஆகவே அன்று மாலை கொழும்பில் யாருக்கும், எந்த அதிகாரிக்கும், எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

வீட்டுக்குப் போனால் தாய் ஒரு சீலைப் பையுடன் காத்துக்கொண்டிருக்கிறார். அக்கம்பக்கத்தில் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. பையைத் தரையில் கொட்டினார். பாதி தீர்ந்த பனடோல் அட்டை, கொத்தமல்லிச் சரை, நல்லெண்ணெய்ப் போத்தல், முழங்காலுக்குப் பூசிய தைலம், தேர்த் திருவிழாவில் வாங்கிய திருநீற்றுப் பொட்டலம்கூட இருந்தது. “போன மாதம் முழுக்க நான் கொடுத்தது இவ்வளவும்தான் சேர். இதில் எது?” என்று கேட்டார். இதில் எதுவும் இல்லையம்மா, இன்னும் யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று சொன்னேன். என் வார்த்தையை நம்ப அவர் விரும்பினார். ஆனால் எழுத்தில் வந்ததை எப்படி நம்பாமல் விடுவது என்ற குழப்பம் முகத்தில் தெரிந்தது. அச்சில் வந்தால் உண்மை என்று நம்புகிற தலைமுறை அவருடையது. அந்த நம்பிக்கையைச் சம்பாதித்துத் தந்தவர்கள் உங்களுக்கு முன்னே அந்த நாற்காலிகளில் இருந்தவர்கள்.

மறுநாள் அந்தத் தளத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். பேசிய இளைஞர் பணிவாகத்தான் பேசினார். “பரிசோதனை நடந்தது உண்மைதானே சேர்? நாங்கள் பொய் எழுதவில்லையே. முடிவு வந்ததும் அதையும் போடுகிறோம்” என்றார். முடிவில் கோளாறு இருந்தால் அறிவித்தல் வீடு தேடி வரும். கோளாறு இல்லையென்றால் காற்றில் கரைந்தது போல விடயம் முடிந்துவிடும். அப்படித்தான் முடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை என்பதை யார் செய்தியாகப் போடுவார்கள்?

கல் எறியும் முன் என் கையையும் காட்டிவிடுகிறேன். 1998ஆம் ஆண்டு ஓட்ட வீராங்கனை சுசந்திகா ஜெயசிங்க மீது ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு எழுந்தபோது நான் இளம் ஆசிரியன். அதற்கு முந்திய வருடம்தான் ஏதென்ஸ் உலகப் போட்டியில் 200 மீற்றரில் வெள்ளி வென்றிருந்தார். செய்தியைப் படித்த அன்று காலை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, “பார்த்தீர்களா, குறுக்கு வழியில் போனால் இதுதான் கதி” என்று பெரிதாகப் பேசினேன். பிறகு அவர் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். அந்த வரிசையை மறுபடியும் நிறுத்தி, “நான் அன்று சொன்னது பிழை” என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்ற நினைப்புக்கூட வரவில்லை என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

2000 செப்டம்பரில் சிட்னி ஒலிம்பிக்கில் அவர் வெண்கலம் வென்றபோது தொலைக்காட்சிக்கு முன் துள்ளிக் குதித்தவர்களில் நானும் ஒருவன். 1948இல் டங்கன் வைட் வென்ற பிறகு இலங்கைக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம். அன்று தங்கம் வென்ற அமெரிக்கர் மரியன் ஜோன்ஸ் ஏழு வருடங்கள் கழித்து ஊக்கமருந்து பாவித்ததை ஒப்புக்கொண்டார். பதக்கங்கள் பறிக்கப்பட்டன. 2009இல் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக உயர்ந்தது. ஊக்கமருந்து பாவித்தவர் என்று நாங்கள் வாய் கூசாமல் பேசிய பெண், உண்மையில் ஊக்கமருந்து பாவித்தவரிடம் தோற்றவர். சிட்னியில் ஜோன்ஸைப் பற்றி உலகப் பத்திரிகைகள் எழுதியதையும், 1998இல் சுசந்திகாவைப் பற்றி எங்கள் நாட்டில் பேசியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இது பழங்கதை என்றால் கிரிக்கெட் வீரர் குசல் பெரேராவுக்கு வருவோம். 2015 டிசம்பரில் நியூசிலாந்துச் சுற்றுப்பயணத்தின் நடுவே அவரைத் திருப்பி அழைத்தார்கள். மாதிரியை ஆராய்ந்த கட்டார் ஆய்வுகூடம் தடை செய்யப்பட்ட பொருள் இருப்பதாகச் சொன்னது. நான்கு வருடத் தடை வரும் என்று எல்லோரும் கணக்குப் போட்டோம். 2016 ருவென்ரி20 உலகக் கிண்ணம் அவர் இல்லாமலே நடந்து முடிந்தது. மே மாதம் சர்வதேச கிரிக்கெட் பேரவை குற்றச்சாட்டையே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆய்வுகூடத்தின் முடிவு நிற்கவில்லை.

டிசம்பரில் எங்கள் சந்தியில் சலூன்காரர் முதல் மீன் வியாபாரி வரை ஆளுக்கொரு கருத்து வைத்திருந்தார்கள். ‘அந்த உயரத்துக்கு அந்த அடியா, அப்போதே நினைத்தேன்’ என்றவர்களை எண்ணி மாளாது. மே மாதம் வந்த செய்தி பலருக்குத் தெரியவே தெரியாது. அது தெரியாமலே அவர்கள் 2019 பெப்ரவரியில் டர்பன் டெஸ்டைப் பார்த்தார்கள். கடைசி விக்கெட்டுக்கு விஷ்வ பெர்னாண்டோவை மறுமுனையில் வைத்துக்கொண்டு 78 ஓட்டங்கள் சேர்த்து, 153 ஆட்டமிழக்காமல், ஒரு விக்கெட்டால் தென்னாபிரிக்காவை வென்று கொடுத்தார் குசல். அந்த நான்கு வருடத் தடை விழுந்திருந்தால் டர்பன் நடந்த நேரத்தில் அவர் இன்னும் வீட்டில்தான் உட்கார்ந்திருப்பார். இந்தக் கணக்கை அன்று எந்தத் தமிழ் விளையாட்டுப் பக்கத்திலாவது யாராவது எழுதினீர்களா? எழுதியிருந்தால் என் கண்ணில் படவில்லை. மன்னிப்புக் கேட்கிறேன், வெட்டி அனுப்புங்கள், எங்கள் பயிற்சி அறைச் சுவரில் ஒட்டுகிறேன்.

சிலவேளை குற்றம் உண்மையாகவே இருக்கும். அப்போதும் எங்கள் எழுத்து தடுமாறுகிறது. திருச்சிக்காரப் பெண் கோமதி மாரிமுத்து 2019 ஏப்ரலில் தோகாவில் ஆசியப் போட்டியில் 800 மீற்றரில் தங்கம் வென்றார். இரண்டு கால்களிலும் வெவ்வேறு நிறச் சப்பாத்துகள். அந்தச் சப்பாத்தை வைத்துக்கொண்டு பாக்கு நீரிணைக்கு இரு பக்கமும் நாம் அழுத அழுகை கொஞ்சமா? வறுமை, தந்தையை இழந்த துயரம், கிராமம் என்று ஒன்று விடாமல் எழுதினோம். 2020இல் அவருக்கு நான்கு வருடத் தடை வந்தது, பதக்கமும் போயிற்று. அழுதவர்களில் பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டார்கள், மீதிப் பேர் ஏசினார்கள். இடையில் ஒரு கேள்வி அநாதையாகக் கிடந்தது. மார்ச் மாதம் பட்டியாலாவில் எடுத்த மாதிரியின் முடிவு, அவர் ஏப்ரலில் தோகாவில் ஓடி முடித்த பிறகுதானே வெளியே வந்தது? நடுவில் அந்தத் தாள் யாருடைய மேசையில் கிடந்தது? சப்பாத்தின் நிறத்தை விசாரித்த அளவுக்கு அதை விசாரித்திருக்கலாம்.

மருந்துக்கும் மோசடிக்கும் நடுவில் ஒரு பரந்த வெளி இருக்கிறது. எங்கள் பெற்றோர் அதில்தான் தொலைந்து போகிறார்கள். கிரிக்கெட் வீரர் உபுல் தரங்கவுக்கு 2011 உலகக் கிண்ணத்தின்போது எடுத்த மாதிரியில் பிரெட்னிசோலோன் என்ற தடை செய்யப்பட்ட மருந்து இருந்தது. தோள்பட்டை வலிக்கு எடுத்த மூலிகை மருந்து வழியாக வந்தது. ஆட்டத்திறனைக் கூட்டும் நோக்கம் இல்லை என்று ஏற்றுக்கொண்டும் மூன்று மாதத் தடை விதித்தார்கள். சிட்னியில் 16 வயது ருமேனிய ஜிம்னாஸ்டிக் சிறுமி அந்திரேயா ரதுகான் தடிமனுக்கு அணி வைத்தியர் கொடுத்த மாத்திரையை விழுங்கித் தங்கத்தை இழந்தாள். உடம்பில் எது இருந்தாலும் பொறுப்பு விளையாடுகிறவருடையது என்பது விதி. விதி கடுமையானது. அது ஏன் அப்படி இருக்கிறது என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தச் சிறுமியையும் பல வருடம் திட்டமிட்டு ஊசி போட்டுக்கொண்ட ஆளையும் ‘ஊக்கமருந்து மோசடி’ என்ற ஒரே தலைப்பின் கீழ் அடைப்பது செய்தியாளரின் சோம்பேறித்தனம். நாட்டு வைத்தியரிடம் எண்ணெய் கட்டாத முழங்கால் திருகோணமலையில் எத்தனை இருக்கும்? எங்கள் பிள்ளைகளுக்கு எது ஆபத்து, எதை முன்கூட்டியே கேட்க வேண்டும், நோய்க்காக மருந்து எடுப்பவர் அனுமதி பெறும் வழி என்ன என்று ஒரு அரைப்பக்கம் வந்திருந்தால் அந்தத் தாய் திருநீற்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்க மாட்டார்.

மன்னிப்பிலும் நாம் நியாயமாக இல்லை. அவுஸ்திரேலியச் சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வோர்ன் 2003 உலகக் கிண்ணத்துக்கு முன் பிடிபட்டார். சிறுநீர் பெருக்கி மாத்திரையை அம்மா கொடுத்தார் என்றார். ஒரு வருடத் தடை. இன்றைக்கும் அதை நாங்கள் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். மஞ்சு வன்னியாராச்சி 2010 டெல்லியில் குத்துச்சண்டைத் தங்கம் வென்றார், 72 வருடங்களுக்குப் பிறகு பொதுநலவாயப் போட்டியில் இலங்கைக்குக் கிடைத்த குத்துச்சண்டைத் தங்கம். அடுத்த வருடம் அது பறிபோனது. அவர் பெயரை இப்போது யார் சொல்கிறார்கள்? பந்தைச் சுழற்றத் தெரிந்தவருக்கு ஒரு தராசு, மற்றவருக்கு வேறு தராசு.

ஏமாற்றுபவர்களை மூடி மறையுங்கள் என்று நான் கேட்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏமாற்றுபவன் எட்டாவது பாதையில் நேர்மையாக ஓடும் பிள்ளையின் சோற்றில் மண் போடுகிறவன். அவனைத் தோண்டி எடுங்கள். விளையாட்டுச் செய்தியாளர் டேவிட் வோல்ஷ் தோண்டினார். சைக்கிளோட்ட வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங்கை உலகமே தலையில் வைத்துக் கொண்டாடியபோது சண்டே டைம்ஸில் அவர் சந்தேகத்தை எழுதினார். ஆம்ஸ்ட்ரோங் வழக்குப் போட்டு 2006இல் அந்தப் பத்திரிகையிடமிருந்து பணமும் வாங்கினார். அணியில் உடம்பு பிடித்துவிடும் வேலை செய்த எம்மா ஓ ரெய்லி உண்மையைச் சொன்னதற்காகப் பட்ட அவமானம் கொஞ்சமல்ல. 2012இல் ஆம்ஸ்ட்ரோங்கின் ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களும் பறிக்கப்பட்ட பிறகு எல்லோரும் வீரத்துடன் எழுதினார்கள். கனமான ஆளைப் பற்றிப் பல வருடம் ஆவணம் தேடி எழுதுவது ஒரு தொழில். 17 வயதுப் பையனின் படத்தை மைதான வேலிக்கு வெளியே நின்று எடுத்துப் போடுவதையும் அதே பெயரால் அழைக்க வேண்டுமா?

தோண்டுவதற்கு எங்கள் ஊரிலேயே இடம் இருக்கிறது. உடற்பயிற்சி நிலையங்களில் பெரிய பெரிய டப்பாக்கள் வரிசையாக அடுக்கியிருக்கின்றன. மாவு, குளிசை, கலர் கலரான லேபல். அதில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. உள்ளே என்ன என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. மாதச் சம்பளம் பத்தாத வீட்டுப் பையன் காசு சேர்த்து அதை வாங்குகிறான். எங்கிருந்து வருகிறது, யார் கொண்டு வருகிறார், யார் சோதிக்கிறார்? இலங்கையில் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் விளையாட்டில் ஊக்கமருந்துக்கு எதிராகவே இருக்கிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு செய்தியாளர் இந்தக் கடைகளுக்குப் போய் வந்து எழுதட்டும். நானே கூட்டிக்கொண்டு போகிறேன். இதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

வயது குறைந்தவர் குற்றம் செய்தது நிரூபணமான பிறகும்கூட அதைப் பகிரங்கப்படுத்தியே ஆக வேண்டும் என்று உலக ஊக்கமருந்து தடுப்பு விதிக்கோவை கட்டாயப்படுத்துவதில்லை. உலகத்திலேயே மிகக் கடுமையாகத் தண்டிக்கிற அமைப்பு, பிள்ளைகள் விடயத்தில் அந்த அளவுக்குக் கையைத் தளர்த்தியிருக்கிறது. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கிய 15 வயது ரஷ்யச் சிறுமி கமிலா வலியேவா பனிச்சறுக்கு நடனத்தில் விழுந்து விழுந்து எழுந்ததையும், அழுதுகொண்டு வெளியேறியதையும் கமராக்கள் துரத்தித் துரத்திப் படம் பிடித்தன. அந்த வயதுப் பிள்ளையின் வாயில் மருந்தை வைத்த கை எது என்ற கேள்விக்கு அந்தப் படங்களில் பதில் இல்லை.

அதனால் ஒரேயொரு விடயத்தை உங்களிடம் நேராகக் கேட்கிறேன். 18 வயதுக்கு உட்பட்டவரின் பெயரும் முகமும் இந்த விடயத்தில் வேண்டாம். வளர்ந்தவரைப் பற்றி எழுதினால், குற்றச்சாட்டை எந்தப் பக்கத்தில், எந்த அளவு எழுத்தில் போட்டீர்களோ, விடுதலையையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். அதற்கு இடமில்லை என்றால் முதலாவதற்கும் இடமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பையன் இப்போது மைதானத்துக்கு வருவதில்லை. ஓட்டத்தை விடவில்லை. உப்புவெளிக் கடற்கரையில் விடிவதற்கு முன் மணலில் ஓடுகிறான், வெளிச்சம் வரும்போது வீட்டுக்குப் போய்விடுகிறான். மணலில் ஓடினால் கெண்டைக்கால் இறுகும், தடத்தில் ஓடு என்று சொல்லிப் பார்த்தேன். “அங்கே ஆட்கள் இருப்பார்கள் சேர்” என்கிறான். இந்த வருடப் போட்டிக்கு வலயத்தில் பெயர் கொடுக்கும் கடைசி நாளுக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. படிவம் என் மேசையில் இருக்கிறது. அவன் கையெழுத்து மட்டும் பாக்கி.

அந்தப் படம் இன்னும் உங்கள் தளத்தில் இருக்கிறது. நேற்று இரவும் பார்த்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
திருகோணமலை.